இரைப்பை தன் அமிலத்தில் தானே ஏன் கரைவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். சமிபாட்டுப் பாடம் தொடங்கினாலே, "இறைச்சியைக் கரைக்கிற அமிலம் இரைப்பையைக் கரைக்காதா சேர்?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள்: கேஸ்ட்ரிக் ஏன் மாறுவதில்லை, நோன்பு பிடிக்கலாமா, கொச்சிக்காயை விட வேண்டுமா. இரண்டு வகைக் கேள்விகளையும் இங்கே சேர்த்தே வைத்திருக்கிறேன். வயிறு எரிந்தால் நாம் அமிலத்தைத்தான் திட்டுகிறோம். இரைப்பையின் உட்தோல் இரவு பகலாகச் செய்யும் வேலையை யாரும் நினைப்பதில்லை. அந்தத் தோலை விளங்கிக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். நான் ஆசிரியர், வைத்தியர் அல்ல. மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் வைத்தியரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை.

இரைப்பை அமிலம் உண்மையிலேயே அவ்வளவு கடுமையானதா?

ஆம். அது ஐதரோகுளோரிக் அமிலம். 1824ஆம் ஆண்டு வில்லியம் பிரௌட் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதை உறுதிப்படுத்தினார். வெறும் வயிற்றில் இரைப்பைச் சாற்றின் பி.எச். அளவு 1க்கும் 2க்கும் இடையில் நிற்கும், சாப்பிட்டதும் கொஞ்சம் ஏறும். இரத்தத்தின் பி.எச். 7.4. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அப்படிக் கணக்குப் பார்த்தால் இரைப்பைக்குள் இருப்பது இரத்தத்தைவிட ஏறக்குறைய 10 இலட்சம் மடங்கு அமிலத்தன்மை. இந்தச் சாறு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சுரக்கிறது.

நம்ப முடியாவிட்டால், வாவியில் பிடித்த ஒரு பெரிய கொடுவாவை வெட்டும்போது அதன் இரைப்பையைப் பிளந்து பாருங்கள். அது கடைசியாக விழுங்கிய சின்ன மீன் உள்ளே கிடக்கும். தோல் போயிருக்கும், சதை வெளுத்துக் குழைந்து விரல் பட்டதும் பிரியும், முள் தெரியும். அந்த மீனைச் சுற்றியிருக்கும் பையும் சதைதான். ஆனால் அது பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். இரண்டும் ஒரே சாற்றில்தான் கிடந்தன.

அவ்வளவு கடுமையான அமிலம் நமக்கு எதற்கு?

சாப்பாட்டோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அது கொல்கிறது. புரதங்களின் மடிப்பை அவிழ்க்கிறது, பெப்சின் என்ற நொதியத்தை எழுப்பிவிடுகிறது, இரும்புச் சத்தும் பி12 விற்றமினும் உடலில் சேர உதவுகிறது. அமிலத்தை முற்றாக ஒழித்துவிட வேண்டும் என்று நினைப்பது பிழையான ஆசை.

சரி, இரைப்பை தன்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது?

ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல ஏற்பாடுகள் உண்டு. மேலே வழுவழுப்பான சீதப் படை. அதற்குள் அமிலத்தை நடுநிலையாக்கும் இருகாபனேற்று. அதன் கீழே இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும் கலங்கள். அவற்றுக்கும் கீழே, கசிந்து வரும் அமிலத்தை உடனுக்குடன் கழுவிக்கொண்டு போகும் இரத்த ஓட்டம். இத்தனையும் தாண்டிச் சேதப்படும் கலங்களுக்குப் பதிலாகப் புதியவை வந்துகொண்டே இருக்கும். இதில் ஒன்று தளர்ந்தால் மற்றவை தாங்கும். இரண்டு மூன்று ஒன்றாகத் தளரும்போதுதான் புண் வருகிறது.

சீதப் படை என்றால் வெறும் சளிதானே? அது எப்படி அமிலத்தைத் தடுக்கும்?

நோன்பு காலத்தில் சர்பத்துக்குக் கசகசாவை ஊறப்போட்டால் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் ஒரு வழுவழுப்பான கூடு பிடிக்கும் அல்லவா? சீதமும் அந்த மாதிரித்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை மியூசின் எனப்படும், சர்க்கரைக் கிளைகள் நிறைந்த நீண்ட புரதங்கள். இந்தப் படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்குதான். இவ்வளவு மெல்லியது எப்படித் தாங்குகிறது?

சீதம் தனியே நின்று மறிப்பதில்லை. மேற்பரப்புக் கலங்கள் சீதத்தோடு இருகாபனேற்றையும் சுரக்கின்றன. வெட்டவெளியில் விட்டால் அது அமிலத்தோடு கலந்து ஒரு நொடியில் முடிந்துவிடும். சீதம் அதைக் கலங்க விடாமல் பிடித்து வைக்கிறது. மேலிருந்து மெல்ல இறங்கி வரும் அமிலமும் கீழிருந்து ஏறி வரும் இருகாபனேற்றும் அந்த மெல்லிய படைக்குள்ளேயே சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. அதனால் படையின் மேல்விளிம்பில் பி.எச். 2 இருந்தாலும் கலங்களைத் தொடும் இடத்தில் அது 7ஐ ஒட்டி நிற்கும். தலைமுடியின் தடிப்பைப் போல இரண்டு மூன்று மடங்குத் தூரத்துக்குள் இவ்வளவு பெரிய மாற்றம்! ஒவ்வொரு முறை படிப்பிக்கும்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பெப்சினும் பெரிய மூலக்கூறு என்பதால் அந்தப் படைக்குள் இலேசில் இறங்காது. மேல்பக்கத்தைக் கரம்பிக்கொண்டே இருக்கும். கீழிருந்து புதிய சீதம் வந்துகொண்டே இருக்கும். கலங்களின் மேற்பரப்பில் கொழுப்புச் சார்ந்த ஒரு மெல்லிய பூச்சும் உண்டு, தண்ணீரும் அதில் கரைந்த அமிலமும் அதில் ஒட்டுவதில்லை.

மாட்டுப் பாபத், அதாவது இரைப்பை இறைச்சி, கழுவுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. துவாய் போலச் சொரசொரப்பாக இருப்பது மாட்டின் முதல் இரைப்பை அறை, அங்கே அமிலம் சுரப்பதில்லை. நான்காவது அறைதான் நம்முடையதைப் போன்ற அமில இரைப்பை. அதன் உட்பக்கம் மெத்தென்று, மடிப்பு மடிப்பாக, எத்தனை முறை கழுவினாலும் கையில் வழுக்கும். எங்கே அமிலம் உண்டோ அங்கே வழுவழுப்பும் உண்டு.

அமிலம் அந்தச் சீதத்துக்குக் கீழே உள்ள சுரப்பிகளில்தானே உருவாகிறது? உருவாகிற இடத்திலேயே சுடாதா?

ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. இந்தப் பாடத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை.

எந்தக் கலத்துக்குள்ளும் ஐதரோகுளோரிக் அமிலம் கிடையாது. அமிலம் சுரக்கும் கலத்தின் விளிம்பில், உள்ளே மடிந்த மிக நுண்ணிய கால்வாய்கள் உண்டு. அவற்றின் சுவரில் இருக்கும் புரோத்தன் பம்பிகள் ஐதரசன் அயனை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும், பதிலுக்குப் பொற்றாசியம் அயனை உள்ளே எடுக்கும். குளோரைட்டு வேறு வழியால் வெளியேறும். இரண்டும் கலத்துக்கு வெளியே சேரும்போதுதான் அமிலம் ஆகிறது. 10 இலட்சம் மடங்கு வித்தியாசத்துக்கு எதிராகத் தள்ளுவது சாதாரண உழைப்பல்ல. அதனால்தான் இந்தக் கலங்களுக்குள் சக்தி தரும் இழைமணிகள் அடைந்து கிடக்கின்றன.

பெப்சினும் அப்படியே. அது புரதத்தை வெட்டும் நொதியம், உருவாக்கும் கலமோ புரதத்தால் ஆனது. எனவே அதைப் பெப்சினோஜன் என்ற முடங்கிய வடிவத்தில்தான் கலம் செய்து வைக்கிறது. வெளியே வந்து அமிலம் பட்டதும் அதன் வாயை மூடியிருந்த துண்டு கழன்று விழும், அப்புறம்தான் அது பெப்சின். அந்தப் பெப்சின் தவறிப்போய் சீதத்தின் அடிப்பகுதிக்கு இறங்கினாலும் அங்கே பி.எச். 7ஐ நெருங்குவதால் செயலிழந்துவிடும்.

சுரப்பிகளிலிருந்து அமிலம் மேலே வரும்போது சீதம் முழுவதிலும் பரவுவதில்லை. அழுத்தத்தோடு பீறிட்டு, குறுகிய வழிகளால் சீதத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. போன பின் அந்த வழிகள் மூடிக்கொள்ளும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு ஐதரசன் அயனை மேலே தள்ளும்போதெல்லாம் அந்தக் கலம் ஒரு இருகாபனேற்றைப் பின்பக்கமாக இரத்தத்தில் விடுகிறது. சுரப்பிகளைச் சுற்றி வரும் மயிர்க்குழாய்கள் அதை ஏந்திக்கொண்டு நேரே மேற்பரப்புக் கலங்களிடம் போகின்றன. அதாவது அமிலம் அதிகமாகச் சுரக்கும் அதே நேரத்தில், காக்க வேண்டிய இடத்துக்கு அதன் மாற்று மருந்தும் அதிகமாகப் போய்ச் சேருகிறது.

உயிர் போன பிறகு இந்தப் பாதுகாப்பு என்ன ஆகும்?

நின்றுவிடும். கரைவலை இழுக்கிற ஊர்களில் இதைக் கண்ணால் காணலாம். வயிறு நிறைய இரை தின்றிருந்த சூடை மீனை ஐஸ் போடாமல் வெயிலில் சில மணி நேரம் விட்டால் வயிற்றுப் பக்கம் குழைந்து வெடித்துக் குடல் வெளியே வந்துவிடும். மீனைக் கிருமி தின்பது பிறகு நடப்பது. முதலில் நடப்பது, மீனின் சொந்தச் சமிபாட்டு நொதியங்களே அதன் வயிற்றுச் சுவரைத் தின்பது. உயிரோடு இருந்தபோதும் அதே நொதியங்கள் அங்கேதான் இருந்தன. பெரிய மீனைப் பிடித்த உடனே குடல் எடுத்து ஐஸில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதரிலும் இதை ஒருவர் கவனித்தார். ஜோன் ஹண்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நல்ல சுகத்தோடு இருந்து திடீரென்று இறந்தவர்களின் உடல்களைத் திறந்தபோது சிலரின் இரைப்பை கரைந்து ஓட்டையாகி இருந்ததைக் கண்டார். நோயால் வந்த ஓட்டை அல்ல, இறந்த பின் இரைப்பை தன்னைத்தானே சமித்திருக்கிறது என்று 1772இல் இலண்டன் றோயல் சொசைற்றிக்கு எழுதினார். உயிருள்ள சதையிடம் ஏதோ ஓர் உயிர்ச்சக்தி இருக்கிறது, அதனால்தான் சமிபாடு அதைத் தொடுவதில்லை என்பது அவரது விளக்கம்.

கேட்க அழகாக இருந்தாலும் விளக்கம் பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளோட் பேர்ணார்ட் என்ற பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் ஒரு நாயின் இரைப்பையில் இட்ட துளை வழியாக உயிருள்ள தவளையின் காலை உள்ளே விட்டார். தவளை உயிரோடுதான் இருந்தது, கால் கரைந்தது. பார்க்கக் கொடூரமான பரிசோதனைதான். ஆனால் உயிர் இருந்தால் மட்டும் போதாது என்பதை அது காட்டியது. இரைப்பையின் உட்தோல் எதையோ செய்கிறது, தவளையின் தோலுக்கு அது தெரியாது. ஹண்டர் கண்டதும் பேர்ணார்ட் கண்டதும் சேர்ந்தால் முழு உண்மை கிடைக்கும்: இந்தப் பாதுகாப்பு உயிருள்ள கலங்கள் ஓயாமல் செய்யும் வேலை. வேலை நின்றால் சில மணி நேரத்தில் சுவரும் இல்லை.

உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் யாராவது பார்த்திருக்கிறார்களா?

1822இல் அமெரிக்காவின் மக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளம் கூலியாளுக்குத் துவக்குச் சூடு பட்டது. காயம் ஆறியது, ஆனால் இரைப்பையிலிருந்து வெளியே ஒரு துளை மூடாமலே நின்றுவிட்டது. சிகிச்சை செய்த இராணுவ வைத்தியர் வில்லியம் போமொண்ட் அந்தத் துளையால் உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி இறக்கி, எடுத்துப் பார்த்து, 1833இல் புத்தகமாக எழுதினார். உட்தோல் இளஞ்சிவப்பாக, சீதம் பூசினாற்போல் இருந்ததையும், அது சில நாட்களில் சிவந்து புண்ணாகிப் பிறகு தானே ஆறியதையும் அவர் நேரில் பார்த்து விரிவாக எழுதினார். புகழ் வைத்தியருக்குப் போனது. ஏழையான சென் மார்ட்டின் தன் உடலைப் பரிசோதனைக்குக் கொடுத்தே பிழைக்க வேண்டியிருந்தது. 1880இல் அவர் இறந்தபோது வைத்தியர்கள் உடலைக் கேட்டு வந்துவிடக்கூடாது என்று அவருடைய குடும்பம் அதை அழுக விட்ட பிறகே அடக்கம் செய்தது. பாடம் நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்வேன்.

உட்தோலில் கீறல் பட்டால் எவ்வளவு நேரத்தில் ஆறும்?

சின்னக் கீறல் என்றால் பக்கத்துக் கலங்கள் தட்டையாகி நகர்ந்து வந்து சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூடிவிடும். புதிய கலம் பிறக்கும்வரை காத்திருப்பதில்லை. அதற்கு மேல், மேற்பரப்புக் கலங்கள் முழுவதும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் புதிதாக மாறிவிடுகின்றன. போன வாரம் உங்கள் இரைப்பையை மூடியிருந்த தோல் இப்போது இல்லை. ஆனால் தசை வரை இறங்கிய புண்ணுக்கு வாரக்கணக்கு ஆகும்.

கொச்சிக்காய் தின்றால் அல்சர் வருமா?

வராது. பச்சைக் கொச்சிக்காய்ச் சம்பலும் உறைப்பான மீன் ஆணமும் தின்று வளர்ந்த நமக்கு இது நல்ல செய்தி. கொச்சிக்காயின் உறைப்பு கப்சயிசின் என்ற பொருளால் வருவது. அது வெப்பத்தை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, எரிகிற மாதிரி இருக்கும், ஆனால் சதை வேகுவதில்லை.

ஏற்கெனவே புண்ணோ நெஞ்செரிவோ உள்ளவர்களுக்கு உறைப்பு வேதனையைக் கூட்டலாம். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறையுங்கள். ஆனால் கொச்சிக்காயை விட்டதால் மட்டும் அல்சர் மாறும் என்று இருந்துவிடாதீர்கள். அப்படி இருந்து மாதக்கணக்கில் உண்மையான காரணத்தைத் தேடாமல் விட்டவர்கள் பலர்.

அப்படியானால் அல்சருக்குக் காரணம் என்ன?

பெரும்பாலும் இரண்டு: ஒரு பற்றீரியா, மற்றது வலிக் குளிசை.

பற்றீரியாவின் பெயர் ஹெலிக்கோபக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொரனும் பரி மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். ஈஸ்டர் விடுமுறையால், கிருமி வளர்க்கும் தட்டுகள் வழமையைவிடக் கூடுதல் நாட்கள் கிடந்தன, அப்போதுதான் கிருமி வளர்ந்தது. அது நோய்க்குக் காரணம் என்று பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, அடுத்து இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா செய்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். சுருள் உடலால் சீதத்துக்குள் துளைத்துக்கொண்டு இறங்கி, நமக்காக அமைந்த அந்தப் பி.எச். 7 வலயத்தில் குடியேறிவிடும். அங்கிருந்து கலங்களை அழற்சிக்கு உள்ளாக்கும், சீதமும் இருகாபனேற்றும் குறையும். உலக மக்களில் பாதிப் பேரளவில் இது இருக்கிறது என்று கணிக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்குப் புண் வருவதில்லை. ஆனால் இரைப்பைப் புற்றுநோயின் காரணிகளில் ஒன்றாக 1994இலேயே இது பட்டியலிடப்பட்டது. மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, அல்லது கமெராக் குழாய் விட்டுச் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது என்று கண்டுபிடிக்க வழிகள் உண்டு. இருந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு இரண்டு அல்லது கூடுதல் மருந்துகளை வழமையாக 14 நாட்களுக்குத் தருவார்கள். நான்காம் நாள் வேதனை போய்விட்டது என்று நிறுத்தினால் கிருமி திரும்பி வரும், மருந்துக்கும் பழகிவிடும்.

வயல் வேலை செய்து முதுகு நோகுது. பார்மசியில் வாங்கிப் போடுகிற வலிக் குளிசை வயிற்றுக்குக் கூடாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். வெட்டுக் காலத்திலும் நாற்று நடும் காலத்திலும் நம் பக்கத்தில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது.

டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன், மெஃபெனமிக் அமிலம், அஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். உடலில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாவதை இவை தடுக்கின்றன. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் ஏற்படுத்துவது அதுதான், அதனால் வலி குறையும். அதே புரொஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையில் "சீதம் சுர, இருகாபனேற்று சுர, இரத்தத்தை ஓட விடு" என்று கட்டளை கொடுப்பதும். முதுகுக்காகப் போட்ட குளிசை இரைப்பையின் காவலையும் சேர்த்துத் தளர்த்துகிறது. 1971இல் ஜோன் வேன் இந்தச் செயல்முறையைக் கண்டுபிடித்தார், 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இங்கே ஒரு பெரிய தவறான நம்பிக்கை உண்டு. "சாப்பிட்டுவிட்டுத்தானே போடுறேன்", "ஊசியாகத்தானே போட்டேன், வயிற்றுக்குப் போகாதே" என்பார்கள். சாப்பாட்டோடு போட்டால் குளிசை நேரடியாகப் படுவதால் வரும் எரிச்சல் கொஞ்சம் குறையலாம். முக்கியமான சேதம் இரத்தத்தின் வழியாக நடப்பது. ஊசியாக ஏற்றினாலும், மலவாசலால் வைத்தாலும், மேலே பூச்சுப் பூசிய குளிசை என்றாலும் புரொஸ்டாகிளாண்டின் குறையும். வேதனையே காட்டாமல் புண் வளர்ந்து முதல் அறிகுறியாக இரத்தம் போவதும் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் இருந்தவர்கள், ஸ்டீரொயிட் அல்லது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் வைத்தியரைக் கேட்க வேண்டும். பெயர் எழுதாமல் கடதாசியில் சுற்றித் தரும் "நோவுக் குளிசைகளை" வாங்கவே வேண்டாம்.

பரசிட்டமோல், அதாவது நாம் பனடோல் என்று சொல்வது, இந்த வகையில் இரைப்பைக்குப் பாதுகாப்பானது. அளவைத் தாண்டினால் ஈரலைக் கெடுக்கும். வளர்ந்த ஒருவருக்கு 24 மணி நேரத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுதான் உச்ச அளவு, உடல் நிறை குறைந்தவர்களுக்கு அதிலும் குறைவு.

மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் மேலே சொன்ன வலிக் குளிசைகளைத் தொடவே கூடாது. டெங்கு என்றால் இரத்தம் உறைய உதவும் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்திருக்கும், அதோடு இரைப்பைக் காவலும் தளர்ந்தால் உள்ளே இரத்தம் கசியும்.

இருதய நோய்க்காகக் குறைந்த அளவு அஸ்பிரின் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவது அதைவிட ஆபத்து. வயிற்றைக் காக்க வேறு மருந்து சேர்த்துத் தரலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

நோன்பு, விரதம் பிடித்தால் வெறும் வயிற்றை அமிலம் அரிக்குமா?

சுகமான இரைப்பையை அரிக்காது. சாப்பிடாதபோது அமிலச் சுரப்பு குறைந்த அளவில்தான் நடக்கும், சீதமும் இருகாபனேற்றும் நிற்காது. றமழான் முழுக்க நோன்பு பிடிப்பவர்களுக்கும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆறாத அல்சர், அண்மையில் இரத்தக் கசிவு, நாளுக்குப் பல முறை போட வேண்டிய மருந்து இருந்தால் முதலிலேயே வைத்தியரிடம் பேசுங்கள். மற்றவர்களுக்கு வரும் தொல்லை பெரும்பாலும் நோன்பு திறந்த பிறகு வருவது. வெறும் வயிற்றில் பொரித்த ரோல்ஸும் சமூசாவும் அடுக்கி, மேலே பிளேன்டி குடித்து, உடனே சாய்ந்தால் எரியும். நோன்புக் கஞ்சியோடு மெதுவாகத் தொடங்குவது நல்ல வழக்கம். சஹர், அதாவது விடியுமுன் சாப்பாடு, முடித்ததும் படுக்காமல் இருந்தால் பலரின் நெஞ்செரிவு குறையும்.

பாலும் தயிரும் அல்சருக்கு மருந்தா?

கொஞ்ச நேரத்துக்குக் குளிரும். பாலின் புரதமும் கல்சியமும் பிறகு அமிலச் சுரப்பைக் கூட்டும். நம் எருமைத் தயிரை ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம்.

சாராயம், சிகரெட்?

இரண்டும் காவலைக் குலைக்கும். கசிப்பு, சாராயம் போன்ற கடும் மதுசாரம் சீதத்தையும் மேற்பரப்புக் கலங்களையும் நேரடியாகச் சேதப்படுத்தும். புகை, இருகாபனேற்றுச் சுரப்பைக் குறைத்து, வந்த புண் ஆறுவதையும் தாமதிக்கும்.

கவலையால் அல்சர் வருமா?

அன்றாடக் கவலை மட்டும் புண்ணை உண்டாக்குவதில்லை. உடல் நிலைகுலையும் அளவு அதிர்ச்சி வேறு. பெருந் தீக்காயத்திலும் கடும் நோயிலும் இரைப்பைக்கு ஓடும் இரத்தம் குறைந்து புண் வரும். 1995இல் ஜப்பானின் கோபேயில் பூமியதிர்ச்சி நடந்த பிறகு இரத்தம் கசியும் அல்சர்கள் கூடியதை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்தார்கள், அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் முதியவர்கள். போரையும் சுனாமியையும் பார்த்த நம் கரையில், "மனசு சரியில்லை, வயிறும் சரியில்லை" என்று ஒரு அம்மா சொன்னால் அதைப் பெரிதுபடுத்துகிறார் என்று தள்ளிவிடக் கூடாது.

இரைப்பைக்கு இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் நெஞ்சு ஏன் எரிகிறது?

எரிவது உணவுக்குழாய். அங்கே இந்தச் சீதப் படை கிடையாது. கீழ்வாசலில் இருக்கும் தசை வளையம் தளர்ந்து அமிலம் மேலே வந்தால் சுடும், புளிச்ச ஏவறை வரும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களைக் கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள், தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து மோசமாகும். இடப்பக்கம் சரிந்து படுப்பதும் உதவும்.

ஒமிப்பிரசோலை வருடக்கணக்கில் போடலாமா?

தேவை இருந்தால் போடலாம், தேவை இருக்கிறதா என்று வைத்தியர் பார்க்க வேண்டும். அது முன்பு சொன்ன புரோத்தன் பம்பியை அடைக்கும் மருந்து. பம்பிகள் சாப்பிடும்போதுதான் அதிகம் வேலை செய்யும். ஆகையால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டும். எரியும்போது மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு போடுகிறவர்களுக்குப் பாதிப் பலன்தான். நீண்ட காலம் எடுத்தால் பி12, மக்னீசியம் குறையலாம், குடல் தொற்றும் கொஞ்சம் கூடலாம். பல வாரம் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடக் கூடச் சுரந்து எரியும். "குளிசை இல்லாமல் இருக்க ஏலாது" என்று பலர் நினைப்பது அந்தச் சில வாரங்களால்தான்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கறுத்து, ஒட்டுகிற, கடும் நாற்றமுள்ள மலம் போனால். இரும்புச் சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும், ஆனால் தலைச்சுற்றும் களைப்பும் சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். இரத்தமாகவோ கோப்பித்தூள் நிறத்திலோ வாந்தி வந்தால். திடீரென்று தாங்க முடியாத வேதனை வந்து வயிறு முழுதும் இறுகினால், அது புண் ஓட்டையாகியதாக இருக்கலாம். விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவது, தொடர்ந்து வாந்தி இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேறொன்று. நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், இடது கைக்கோ தாடைக்கோ ஏறும் வலி. "கேஸ்ட்ரிக்தான், ஒரு ஈனோ கரைச்சுக் குடி" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயோதிபர்களுக்கும் மாரடைப்பு வெறும் வயிற்றெரிவாகவே வருவதுண்டு. வீட்டிலிருந்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை, ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நடு இரவு என்று தயங்க வேண்டாம். போகும்போது வீட்டில் போடுகிற எல்லாக் குளிசைகளின் உறைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், வைத்தியர் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.